மூக்கு ஒப்பந்தம்

ஊரில் ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்காது. ஒரு வருஷமாக நான் அத்தரை அள்ளிப் பூசிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு சொட்டு என்று இருந்தது தினமும் நாலு சொட்டாகி, அப்புறம் சேலைத் தலைப்புக்கும் கைக்குட்டைக்கும் தனித்தனியாக என்று கூடிப்போனது. வாசமே இல்லை, கலப்பட அத்தர் விற்கிறான் என்று கடைக்காரனை வைதேனே தவிர, என் மூக்கின்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கல்யாண வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் தும்மினார்கள். கூட்டமான பஸ்ஸிலும் எனக்குச் சீட்டு கிடைத்தது. அறுபத்தெட்டு வயதுக்கு மரியாதை கொடுக்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் மூச்சு முட்டித்தான் எழுந்து போயிருக்கிறார்கள், பாவிகள்!

என் பேர் ஹைருன் பீவி. தென்காசியில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் மௌத்தாகி எட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகன் முகம்மது சலீம் சார்ஜாவில் ஏசி மெக்கானிக். மருமகள் அஃப்ரின் பேத்தியின் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். எனக்கு என் வீடு, என் அடுப்படி, என் நேரத்துக்கு என் சாப்பாடு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சுகம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

போன பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை அது போகப் பார்த்தது. வழக்கம்போல வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுவிட்டு முன்கூடமான பட்டாசாலையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தேன். புகை குறையவில்லை, கூடிக்கொண்டே வந்தது. இன்றைக்கு வாங்கினது அசல் சாம்பிராணி, என்னமாய்ப் புகைகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே மணியை உருட்டினேன். அடுப்பில் பால் இருந்ததையும், பாத்திரம் பிடிக்கிற துணியை அடுப்போரமாகப் போட்டுவிட்டு வந்ததையும் மறந்தே போனேன்.

பக்கத்து வீட்டு அகிலாண்டேஸ்வரி வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

“ஏட்டி ஹைருன்! தெருவே கருகி நாறுது, நீ இங்கன உக்காந்து மணி உருட்டிக்கிட்டு இருக்க!”

அடுப்படியில் துணி எரிந்து, மேலே இருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் உருகி ஒழுகிக்கொண்டிருந்தன. அவள்தான் அடுப்பை அணைத்து, குடத்துத் தண்ணீரை வீசித் தீயைக் கொன்றாள். எல்லாம் அடங்கினபின் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து என் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

“கண்ண மூடு. என்ன வாசம்?”

“ஒண்ணும் இல்லையே. காலி டப்பாவா?”

“முழு டப்பாட்டி” என்றாள். குரல் இறங்கிவிட்டது.

சாயங்காலத்துக்குள் தெரு வாட்ஸப் குழுவில் என் அடுப்படி போட்டோ வந்து, சார்ஜாவரைக்கும் போய்விட்டது. சலீம் வீடியோவில் வந்தான்.

“உம்மா, போதும். நீங்க தனியா இருந்தது போதும். நான் ஜூலைல லீவுல வாரேன். வீட்ட வாடகைக்கு விட்டுட்டு உங்கள அஃப்ரின்ட்ட கொண்டுபோய் விட்டுட்டுத்தான் போவேன்.”

“ஒரு துணி எரிஞ்சதுக்கு வீட்ட காலி பண்ணச் சொல்லுதியாலே?”

“துணிக்கா சொல்லுதேன்? நாளைக்கு கேஸ் கசிஞ்சா உங்களுக்குத் தெரியுமா?”

“டாக்டரைப் பாக்கேன். சரியாப் போயிரும்.”

“வராதும்மா. மூக்கு போச்சுன்னா போனதுதான். திரும்ப வராது” என்றான். ஏதோ படித்துப் பட்டம் வாங்கினவன் மாதிரி அவ்வளவு உறுதியாகச் சொன்னான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை அணைத்துவிட்டேன்.

அஃப்ரின் நல்ல பிள்ளை. அதில் குறையில்லை. ஆனால் அந்த வீட்டில் இரண்டே அறை. நான் போனால் பேத்தி படிக்க இடமிருக்காது. குழம்புக்குப் புளி கூடவா என்று அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற மாமியாராக நான் ஆவதற்கு, அல்லா, என் கையைக் காலை முடக்கிப் போட்டிருக்கலாம் என்று அன்றைக்கு அழுதேன்.

அகிலாண்டம் அரசுப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டாள். அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் அவளையே பார்த்து “நீ யாரு பிள்ள?” என்று கேட்டாளாம். அதிலிருந்து இவளுக்கு ஒரு பயம். காலையில் நடக்கிறபோது புனலூர், இடமண், ஒற்றக்கல், தென்மலை, கழுத்துருட்டி என்று ரயில் நிலையங்களைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே வருவாள். ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பைத்தியம் என்று நான் கேலி பண்ணுவேன். அந்தப் பைத்தியம்தான் மறுநாளே என்னைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது.

டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். சதை வளர்ச்சி ஒன்றும் இல்லை என்றார். வயதானால் கண் மங்குகிற மாதிரி மூக்கும் மங்கும், நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. மூக்குக்கும் பயிற்சி உண்டு. நாலு வாசனைகளைக் காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாக மோந்து, அது எப்படி இருக்கும் என்று மனசுக்குள் நினைக்க வேண்டும். சிலருக்குத் தேறும், சிலருக்குத் தேறாது, மாதக்கணக்கில் ஆகும், நான் உறுதி சொல்லமாட்டேன் என்றார். உறுதி சொல்லாத டாக்டரை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அதனாலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அகிலாண்டம் நாலு மாத்திரை டப்பாக்களைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தாள். கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம், பன்னீர் ரோஜா. காலையில் நடந்து முடித்து வந்ததும் என் வீட்டில் வகுப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் இருபது எண்ணுகிறவரைக்கும் மோக்க வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். காற்றைத்தான் மோந்தேன். தைலம் மட்டும் மூக்கில் சுள்ளென்றது. அது வாசனை இல்லையாம், எரிச்சலாம். மார்க் கிடையாது என்றுவிட்டாள்.

ஒருநாள் நான் கிராம்பைச் சரியாகச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அகிலாண்டம் துள்ளுவாள் என்று பார்த்தால், கையை இடுப்பில் வைத்து முறைத்தாள்.

“கிராம்பு டப்பா மட்டும் கலகலன்னு கேக்கு. நீ காதால மோந்து சொல்லுத. கள்ளி!”

“ஆமா, அப்படித்தான் சொன்னேன். என்னட்டி செய்யச் சொல்லுத? ஜூலைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. எனக்கு ஒண்ணுமே வரல அகிலாண்டம். எம் புள்ள சொன்னது சரிதான். போனது போனதுதான்.”

அவள் கிராம்பைப் பஞ்சில் பொதிந்து டப்பாவில் போட்டு மூடினாள்.

“சாயந்தரம் வாரேன். ஏமாத்தாம இரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபின் எனக்கு வெட்கமாகப் போனது. யாரை ஏமாற்றினேன், என்னையேதானே?

ஜூன் இரண்டாவது வாரம் குற்றாலத்தில் சாரல் விழுந்தது. அகிலாண்டம் என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். குளிக்க இல்லை. கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நட என்றாள். இரண்டு கிழவிகள், ஒருத்தி கண்ணை மூடி, ஒருத்தி கூட்டிக்கொண்டு. ஒரு பெண் பாவம் என்று என் கையில் பத்து ரூபாயை வைத்தாள். “எடுத்துட்டுப் போம்மா, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்” என்று கண்ணைத் திறந்து சொன்னதும் அவள் பயந்துபோய்விட்டாள்.

நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற சத்தம் கேட்டது, வாசம் வரவில்லை. மசாஜ் எண்ணெய்க்காரர்களைத் தாண்டினோம், ஒன்றும் இல்லை. அருவிப் பக்கமிருந்து ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அந்த ஈரத்தோடு ஏதோ ஒன்று, மஞ்சளாக, தித்திப்பாக, மூக்கின் உச்சியைத் தொட்டுவிட்டுப் போனது. நின்றுவிட்டேன்.

“பலாப்பழம்” என்றேன். “ஏட்டி, எங்கேயோ பலாப்பழம் அறுக்கான்.”

கண்ணைத் திறந்தேன். பத்தடி தூரத்தில் ஒருத்தன் பாதி பலாவை மடியில் வைத்துச் சுளை எடுத்துக்கொண்டிருந்தான். அகிலாண்டம் அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். கிட்டப்போய் மோந்தால் ஒன்றுமே வரவில்லை, அது வேறு விஷயம். வந்தது வந்ததுதானே! ஆளுக்கு அஞ்சு சுளை தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அதற்கப்புறம் எலுமிச்சை வந்தது. ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வராது. பஞ்சுக்குள் கிடந்த கிராம்பும் ஜூன் கடைசியில் மெல்ல எட்டிப் பார்த்தது. ரோஜா வரவே இல்லை. அத்தர் பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஜூலையில் சலீம் அஃப்ரினையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தான். நாலு வருஷத்துக்குப் பிறகு வருகிற பிள்ளை. இளைத்திருந்தான். நெய்ச்சோறும் கறியும் ஆக்கி வைத்தேன். தட்டைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். நல்லாயிருக்கா என்று கேட்டால் “ம்” என்றான். வந்த மூன்றாம் நாளே வங்கி அதிகாரி ஒருவரை வீடு பார்க்கக் கூட்டிவந்தான். அவர் என் அடுப்படியைப் பார்த்து, மாடுலர் கிச்சன் போட்டுக்கொள்ளலாம் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நவம்பரில் குடிவருவதாகப் பேசி முடித்தார்கள்.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கு மூக்கு வருதுலே. பலாப்பழம் வந்துச்சு. எலுமிச்ச வந்துச்சு. நீ சோதிச்சுப் பாரு.”

“பலாப்பழம் வீட்டக் கொளுத்தாதும்மா. கேஸ்தான் கொளுத்தும்.”

“அப்ப அதையே சோதிச்சுப் பாரேன்!”

வாய் தவறிச் சொன்னதுதான். அவன் எழுந்துவிட்டான். நான் பட்டாசாலையில் உட்கார வேண்டும், அவன் அடுப்படியில் கேஸை லேசாகத் திறந்துவிடுவான், வாசம் வந்ததும் நான் கூப்பிட வேண்டும். அஃப்ரினும் பேத்தியும் கடைக்குப் போயிருந்தார்கள். தடுக்க ஆள் இல்லை. இரண்டு மடச்சாம்பிராணிகளும் தாயும் பிள்ளையுமாக அந்த விளையாட்டை விளையாடினோம்.

வெளியே சாரல். சன்னல் எல்லாம் அடைத்திருந்தது. கொல்லைத் தகரத்தில் சடசடவென்று சத்தம். நான் கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தேன். இல்லை. மனசுக்குள் துஆ ஓதினேன். பன்னிரண்டாவது மூச்சோ பதிமூன்றாவதோ, ஒரு கெட்ட வாடை வந்தது. அழுகின முட்டை மாதிரி. சாக்கடையா? இல்லை. அடுத்த மூச்சில் அது கனமாக வந்தது. எனக்கே இவ்வளவு கனமாக வருகிறது என்றால்?

எழுந்து ஓடினேன். அடுப்படி வாசலிலேயே தலை கிறுகிறுத்தது. இரண்டு பர்னரும் முழுசாகத் திறந்து கிடந்தன. சலீம் அதன் பக்கத்திலேயே நின்று போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சாரல் இருட்டுக்கு லைட் போடலாம் என்று அவன் கை சுவிட்சை நோக்கிப் போனது.

“தொடாதலே!”

நான் போட்ட சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றது. பாய்ந்துபோய் சிலிண்டரை அடைத்தேன். கொல்லைக் கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்து அவனை மழைக்குள் இழுத்துப் போட்டேன். இரண்டு அறையும் கொடுத்தேன். நாற்பத்திரண்டு வயது ஆளை.

“லேசாத் தொறப்பேன்னு சொல்லிட்டு இப்படித் தொறந்து வச்சிருக்க! பக்கத்துல நிக்க உனக்குத் தெரியலியா? அறிவு கெட்டவனே, உனக்கு மூக்கு இல்லையா?”

கேட்ட பிறகுதான் நான் கேட்டது எனக்கே உறைத்தது. அவன் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“இல்லம்மா” என்றான். “கொரோனா வந்தப்பப் போச்சு. இன்னும் வரல.”

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினான். முதலில் லேசாகத்தான் திறந்தானாம். நான் கூப்பிடவில்லை என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திறந்திருக்கிறான். சார்ஜாவில் ஒருதடவை அறையில் கேஸ் கசிந்து, இவன் பாட்டுக்குக் கட்டிலில் படுத்திருந்தானாம். கூடத் தங்கியிருக்கிற முஃபீத் என்கிற பையன் வந்து இழுத்துப் போட்டிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை, அஃப்ரினிடம்கூட. பிரியாணி வைக்கோல் மாதிரி இருக்கிறதாம். எத்தனையோ வருஷமாக.

“உங்க அடுப்படி போட்டோவப் பாத்ததும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டும்மா. எனக்கு இழுத்துப் போட முஃபீத் இருந்தான். உங்களுக்கு யாரு இருக்கா?”

என் பிள்ளையை நான் கல்நெஞ்சுக்காரன் என்று வைதிருக்கிறேன். மனசு கரைந்துபோனது. மழையிலேயே அவன் தலையை என் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

அதற்காக வீட்டை விட்டுக்கொடுத்துவிட முடியுமா? தலை துவட்டி முடித்ததும் மறுபடி ஆரம்பித்தேன்.

“நான்தானே இப்ப உன்னைய இழுத்துப் போட்டேன்? மூக்கு இருக்குல்லா?”

“இன்னைக்கு வந்துச்சு. நாளைக்கு வரும்னு என்ன நிச்சயம்? எனக்கு வரலியே உம்மா. வருசக்கணக்கா ஒரு நாள்கூட வரலியே.”

“மோந்து பாத்தியாலே? பயிற்சி பண்ணுனியா?”

இல்லை என்று தலையை ஆட்டினான். எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

“அப்ப இப்படி வச்சுக்கிடுவோம். நவம்பருக்குள்ள உன் மூக்கு திரும்பிச்சுன்னா வீடு எனக்கு. திரும்பலன்னா பேசாம பெட்டியக் கட்டிக்கிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போயிருதேன்.”

“பந்தயமா? ஹராம் உம்மா.”

“பந்தயம் இல்ல. ஒப்பந்தம்.”

சிரித்தான். எப்படியும் தான்தான் ஜெயிப்போம் என்கிற துக்கமான சிரிப்பு. சரி என்றான். அன்றைக்கே கேஸ் கசிந்தால் கத்துகிற மிஷின் ஒன்றை வாங்கி அடுப்படியில் மாட்டினான். அஃப்ரினிடமும் சொன்னான். அவள் வாயில் கைவைத்து நின்றுவிட்டு, “போன லீவுல நான் ஆக்குனது உங்களுக்குப் புடிக்கலன்னுல்லா இத்தன நாளும் அழுதேன்” என்றாள்.

ஆகஸ்டிலிருந்து தினமும் காலையில் அவன் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீடியோவில் வருவான். அங்கே அவன் கையில் நாலு டப்பா, இங்கே என் கையில் நாலு. அகிலாண்டம் நடுவில் நின்று எண்ணுவாள். “தம்பி, அவசரப்படாதிய, இன்னும் ஏழு எண்ணணும்” என்று அவனையும் விடமாட்டாள். எனக்கு ரோஜா இரண்டு நாள் வந்தது, போனது. அவனுக்கு ஒன்றும் இல்லை. செப்டம்பரில் அலுத்துப்போய் நாலு நாள் வரவில்லை. அஞ்சாம் நாள் நானே கூப்பிட்டு அழுதேன், திட்டினேன். வந்தான். அக்டோபரிலும் ஒன்றும் இல்லை. வங்கி அதிகாரி அலமாரிக்கு அளவெடுக்க ஆளை அனுப்பினார். அந்த ஆள் என் அடுப்படியில் டேப்பை நீட்டிக்கொண்டு நின்றபோது, நான் இரண்டு பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினேன். வாக்கு வாக்குதானே.

அக்டோபர் இருபத்தாறாம் தேதி, மத்தியானம் நான் பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தபோது சலீம் கூப்பிட்டான். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை. முகம் முழுக்கக் கண்ணீர். என் கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது.

“என்னலே? என்ன ஆச்சு வாப்பா?”

“உம்மா… நாறுதும்மா.”

“என்னது?”

“ரூமுக்குள்ள வந்தேன். முஃபீத் சாக்ஸைக் கழத்திக் கட்டிலுக்கடியில போட்டிருக்கான். நாறுதும்மா! கொடல புடுங்குது! எனக்கு வருது உம்மா!”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று நான் கத்தின கத்தலில் அகிலாண்டம் கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டு, கரண்டியோடேயே என்னைக் கட்டிக்கொண்டாள். அங்கே அவன் சிரிக்கிறான், அழுகிறான், மூக்கை உறிஞ்சுகிறான்.

“பேங்க்காரருக்குப் போன் பண்ணிட்டேன் உம்மா. வேற வீடு பாத்துக்கிடச் சொல்லிட்டேன். பாத்திரத்தை எல்லாம் திரும்ப எடுத்து வைங்க. இந்தா, முஃபீதுட்ட சொல்லி இந்த எழவ மொதல்ல சோப்புப் போட்டு ஊற வைக்கேன்.”

“துவைக்க விடாதலே!” என்றேன். “இன்னொரு வாட்டி மோந்து பாரு. இருபது எண்ணுதவரைக்கும்.”